மெஷின் நின்றால் எழுந்துவிடுபவர்

விடிந்தும் விடியாத நேரத்தில் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் கருப்பண்ணன். என் தங்கை ருக்குமணியின் கணவர் வெள்ளியங்கிரிக்கு அண்ணன் அவர்.

"மச்சான், தம்பி போய்ட்டானுங்க. தூக்கத்துலயே போய்ட்டான்."

"எந்தத் தூக்கத்துல?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டிருக்கக் கூடாதுதான். துக்கம் சொல்பவரிடம் குறுக்குக் கேள்வி போட்ட முதல் மனிதன் திருப்பூர் வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். ஆனால் வெள்ளியங்கிரியை அறிந்த எவரும் அதையேதான் கேட்டிருப்பார்கள். சாயக் கழிவு ஓடும் நொய்யலில் தெளிந்த தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லியிருந்தால்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் எட்டுப் போய்ப் பார்த்திருப்பேன். வெள்ளியங்கிரி தூங்கினார், அதிலும் அந்தத் தூக்கத்திலேயே போனார் என்ற செய்தி மட்டும் என் மண்டைக்குள் நுழைய மறுத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. மனிதர் பதினைந்து வருடங்களாகத் தூங்கவில்லை. இது அவருடைய கட்சி. தூங்கினார் என்பது என் தங்கையின் கட்சி. அந்த வழக்கு கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சி மெஷின் வரைக்கும் போனது. அதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலி.

மாண்புமிகு வெள்ளியங்கிரி அவர்கள் மங்கலத்தில் ஒரு தறிக்கூடத்துக்குள் பிறந்தார்கள். கூடத்தின் விட்டத்தில்தான் தொட்டில். கீழே நாலு பக்கமும் பவர்லூம் தடதடவென்று ஓடும். ஓடுகிற வரைக்கும் குழந்தை தூங்கும். தறி நின்றால் கத்தும். மின்வெட்டு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மங்கலத்துக்காரர்கள் சுவிட்சைப் போட்டுப் பார்க்க மாட்டார்களாம், அந்த வீட்டுப் பக்கம் காதைத் திருப்புவார்களாம். நான் எதையும் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்பவன் என்ற கெட்ட பெயர் எனக்கு உண்டு. இது அவருடைய தாயார் சொன்னது. நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்க்க அவர் இடமும் வைக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார். எல்லோரும் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கையில் திடீரென்று தலையைத் தூக்கி, "ஏனுங் மச்சான், உங்க கிணத்து மோட்டார் நின்னுபோச்சுங்க" என்றார். தோட்டத்து மோட்டார் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் இருந்தது. போய்ப் பார்த்தால் உண்மை. எங்கள் அப்பா பெண்ணைக் கொடுக்க முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான். பெண்ணுக்குக் கணவன் கிடைத்ததோ இல்லையோ, மோட்டாருக்குக் காவல் கிடைத்தது.

திருமணம் முடிந்ததும் அண்ணனும் தம்பியும் திருப்பூரில் வீடு எடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, பனியன் துணி பின்னும் மெஷின்கள் வாங்கி ஓட்டினார்கள். அந்த வருடங்களில் ஊரே ஏற்றுமதிக் காய்ச்சலில் கிடந்தது. மாட்டுக் கொட்டகையில் மாட்டை வெளியே கட்டிவிட்டு மெஷினை உள்ளே கட்டினார்கள். கருப்பண்ணன் கணக்கு, வழக்கு, பேச்சு. வெள்ளியங்கிரிக்கு மெஷின். முதலாளியும் அவரே, பழுது பார்க்கும் பிட்டரும் அவரே. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மெஷின் ஊசிகள் குத்தி வைத்திருப்பார். அவரைக் கட்டிப் பிடித்து வாழ்த்துச் சொல்லப் போய் நெஞ்சில் ரத்தக்காயத்தோடு திரும்பியவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

பின்னல் மெஷினைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு செய்தி. ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது அது. தானாக நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று பொருள். ஆனால் ஊசி உடைந்தால் நிற்காது. அது பாட்டுக்கு ஓடும், துணியில் மட்டும் நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். ஒரு முறை அப்படித்தான் ஆயிற்று. முதன்முதலாக வந்த பெரிய வெளிநாட்டு ஆர்டர். இரவும் பகலும் நின்றவர் ஷெட்டு பெஞ்சில் சற்றே கண்ணயர்ந்தார். எழுந்து பார்த்தால் சுருள் சுருளாகக் கோடு. ஆர்டர் போயிற்று. யாரும் அவரைத் திட்டவில்லை. கருப்பண்ணன், "உடுறா, போச்சாது. அடுத்தது பாப்போம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்குக் கோபித்துக்கொண்டு தாய்வீடு போன தூக்கம், எத்தனை முறை ஆள் அனுப்பியும் திரும்பி வரவில்லை.

எத்தனை வைத்தியம்! கசகசாவைப் பாலில் அரைத்துக் கொடுத்தோம். குடித்துவிட்டு, "மச்சான், இன்னும் கொஞ்சம் சக்கர போட்டிருக்கலாமுங்க" என்றார். உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தோம், வழிந்து காதுக்குள் போயிற்று. கேட்கும் திறன் கூடிவிட்டது. சென்னிமலை முருகன் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போனோம். கூட வந்த எல்லோரும் மண்டபத்தில் கட்டையாகக் கிடக்க, இவர் அத்தனை பேர் செருப்பையும் ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். தூக்கத்துக்கு மந்திரிக்கிறவர் என்று மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் மந்திரிக்கிறவர் சாய்ந்துவிட்டார். அவரை எழுப்பிச் சோறு போட்டு பஸ் ஏற்றி விட்டவர் வெள்ளியங்கிரி. மாத்திரைகளைச் சொல்லவே வேண்டாம். அவர் விழுங்கியதைச் சாக்கடையில் கொட்டியிருந்தால் திருப்பூர்க் கொசுக்கள் ஒரு தலைமுறைக்குக் கடித்திருக்காது.

மனிதர் ஓரிடத்தில் உட்கார மாட்டார். சாப்பிடும்போது முட்டி ஆடும். பேசும்போது விரல் மேசையில் தாளம் போடும். தீபாவளிக்கு மெஷின்களை நிறுத்திவிட்டால் பித்துப் பிடித்தவர்போல் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடப்பார். அந்த நடையை நேராகப் போட்டிருந்தால் காசிக்குப் போயிருக்கலாம்.

"ஏனுங் மாப்ள, ஊரே பட்டாசு வெடிக்குது, நீங்க என்னத்தத் தேடறீங்க?"

"ஒன்னும் சத்தத்தயே காணமுங் மச்சான்" என்பார், வெடிச்சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு.

சிரிப்பாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் அது சிரிப்பாக இல்லை. தினமும் காலையில், "பொட்டுத் தூக்கமில்ல புள்ள" என்று அவர் தொடங்குவார். "நீங்க குறட்ட உட்டீங்க, நாங் கேட்டேன்" என்பாள் ருக்குமணி. "பொய் சொல்லாத." "நானுங்களா பொய்யி? நீங்கதான்." முதலில் விளையாட்டாக இருந்தது, வருடங்கள் போகப் போகக் கெட்டியாயிற்று. கண்ணெல்லாம் சிவந்து நிற்கும் தன்னைக் கட்டின மனைவியே நம்பவில்லையே என்று அவருக்கு. காதால் கேட்டதை மறுத்துத் தன்னைப் பொய்க்காரி ஆக்குகிறாரே என்று அவளுக்கு. தொண்ணூறுகள் பிறந்தபோது நேரில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆனேன். இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

"அண்ணா, கொழம்பு வேணுமான்னு கேளுங்க."

"போதும்னு சொல்லுங் மச்சான்."

நான் நடுவில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கொழம்பு போதுமாம் அம்மிணி" என்பேன். அந்தக் காலத்தில் அந்த வீட்டில் நான் ஒரு வாய் சோற்றைச் சூடாகத் தின்றதில்லை.

ஒரு நாள் ருக்குமணி பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து நின்றாள். "பொய் சொல்ற மனுசங்கூட இனி இருக்க முடியாதுங்ணா" என்றாள். அன்று மாலையே அவரும் வந்தார். உள்ளே வரவில்லை, கேட்டருகில் நின்றபடி, "மச்சான், நாந் தூங்கறதில்லைன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. வேறொன்னும் வேண்டாம். அவ நம்போணும், அவ்வளவுதான்" என்றார். எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கை அப்போது கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. கம்பி ஆடியது.

அவருக்கு மாத்திரை எழுதி எழுதிக் களைத்துப்போன உள்ளூர் மருத்துவர்தான் வழி சொன்னார். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ்தர் என்றொரு அம்மையார் இருக்கிறார், தூக்கம் கெட்டவர்களின் மூளையைப் புதிதாக வந்த ஸ்கேன் மெஷினில் படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறார், ஆள் தேடுகிறார் என்று. தேடுகிறாரா! தங்கச் சுரங்கத்தையே கூட்டி வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். ருக்குமணியையும் கூட்டிப்போனேன். "மெஷின் சொன்னா ஒத்துக்கறேன்" என்றாள். அவரும் அதையேதான் சொன்னார். பஸ்ஸில் இருவருக்கும் நடுவில் நான்.

டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, வேகமாக, நாற்காலி நுனியில் உட்காருகிறவர். அவரைப் பார்த்ததும், இவருக்கும் தூக்கம் வராது போலிருக்கிறது என்று மாப்பிள்ளை என் காதில் சொன்னார்.

"முதல்ல ஒன்னு சொல்லிருதேன்" என்றார் டாக்டரம்மா. "தூங்கும்போது மூளை மொத்தமா விளக்க அணைச்சிரும்னு நாம நினைக்கோம். உங்கள மாதிரி ஆளுகளுக்கு எங்கயோ ஒரு மூலையில ஒரு விளக்கு எரிஞ்சிட்டே இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம். அதைத்தான் தேடுதேன். ஆனா இந்த மெஷின் மூளையோட வடிவத்தத்தான் காட்டும். விளக்கு எரியுதான்னு காட்டாது. அதுக்கு வேற மெஷின் வரணும். வந்தாலும் தெரியுமான்னு தெரியாது. சம்மதமா?"

"படம் எடுங்க டாக்டரம்மா. பாக்கியெல்லாம் அப்பறம்" என்றார் மாப்பிள்ளை.

அந்த அறைக்குள் இரும்பு ஆகாது என்றார்கள். இடுப்பில் சாவிக்கொத்து, அரைஞாண், அதில் தாயத்துகள், வேட்டி மடிப்பில் ஒரு திருப்புளி, சட்டைப் பையில் ஊசிகள், சட்டைக் காலரின் உள்பக்கம் இன்னும் ஊசிகள். தட்டு நிறைந்து இன்னொரு தட்டு கேட்டார்கள். அதை வைத்து ஒரு லாரிக்கு பம்பர் செய்திருக்கலாம். அப்புறம் அவரைப் படுக்க வைத்துக் குழலுக்குள் தள்ளினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆபரேட்டர், டாக்டரம்மா, நான், ருக்குமணி. மெஷின் தடதடவென்று தொடங்கியது. எனக்கு மங்கலத்துக்கே போய்விட்டது போலிருந்தது.

தடதடப்பு சற்று நேரத்தில் நின்றது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அது நிற்குமாம். நின்றதும் உள்ளே 'டங்' என்று ஒரு சத்தம். மாப்பிள்ளை எழுந்து குழலில் தலையை முட்டிக்கொண்டார்.

"அசையக் கூடாதுன்னு சொன்னோம்ல?" என்று மைக்கில் கத்தினார் ஆபரேட்டர்.

"மெஷின் நின்னுபோச்சுங்க! நூல் அறுந்திருக்கும், பாருங்க!"

மறுபடி ஓட்டினார்கள். நின்றது. 'டங்.' மறுபடி. 'டங்.' எடுத்த படமெல்லாம் கலங்கல். வெள்ளியங்கிரிக்கு மூன்று மண்டைகள் இருப்பதாக அவை காட்டின. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊரில் ஓடுகிற மெஷின் நின்றால் பழுது என்று பொருள், துணி கெடுமுன் எழுந்து ஓடாதவன் மனிதனே இல்லை என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. ஆபரேட்டரிடம், "மைக்க ஆன்லயே வைங்க. நிக்கதுக்கு முன்னால சொல்லிருங்க" என்றார்.

அந்த ஆபரேட்டர் வாழ்க. "அய்யா, இப்ப நிக்கப் போவுதுங்க. அதுவாத்தான் நிக்குது. நூல் அறுகல" என்று ஒவ்வொரு முறையும் தாலாட்டினார். மண்டை முட்டும் சத்தம் அடங்கியது. மெஷின் ஓட ஓட, ஸ்பீக்கரில் வேறொரு சத்தம் கேட்கத் தொடங்கியது. மெதுவாக, பிறகு கம்பீரமாக. குறட்டை.

ருக்குமணி நாற்காலியை விட்டு எழுந்தாள். "கேட்டீங்களா? கேட்டீங்களா டாக்டரம்மா? நாஞ் சொன்னா நம்பல! அண்ணா, கேட்டுக்குங்க!" கோர்ட்டில் ஜெயித்தவள் போல முகம்.

"வீட்டுலயும் இப்படித்தானாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"இதே சத்தமுங்க! நடுச்சாமத்துல ஆரம்பிச்சாருன்னா கோழி கூப்பிடற வரைக்கும் இதேதானுங்க. நடுவுல ஒரு இழு இழுப்பாரு. அப்பறம் கொஞ்ச நேரம் மூச்சே இருக்காது. மறுபடி ஆரம்பிப்பாரு."

"கோழி கூப்பிடுத வரைக்கும் கேட்டீங்களா?"

"கேக்காம? பக்கத்துல படுத்திருக்கறவ..."

"தினமுமா?"

"தினமுந்தான்."

"அப்போ நீங்க எப்பம்மா தூங்குவீங்க?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ருக்குமணி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் அவளைப் பார்த்தேன். வருடக்கணக்காக அவள் சொன்ன சாட்சியத்தை ஒரு நாள்கூட நான் இப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. அந்தக் கண்களின் கீழே இருந்த கருமையும் எனக்கு அதுவரை தெரியவில்லை.

"மூச்சு நின்னுருமோன்னு பயமுங்க" என்றாள் மெதுவாக. "தூக்கமில்ல தூக்கமில்லங்கற மனுசன், ஒருநா அப்பிடியே போயிட்டா? அந்தச் சத்தம் நிக்கறப்பெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்குவேன். மறுபடி ஆரம்பிச்சாத்தான் படுப்பேன்."

குறட்டை ஒரு முறைகூடத் தடைபடவில்லை.

படம் முடிந்து வெளியே இழுத்தார்கள். "நல்லாத் தூங்குனீங்களா?" என்றார் ஆபரேட்டர்.

"எங்கீங்க தூங்குனேன்? பொட்டுத் தூக்கமில்ல." ருக்குமணிக்குக் கோபம் வருவதற்குள் அவர் அவள் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்காமல், நேராக அவளைப் பார்த்து, "ஏம்புள்ள, எம்மூச்சுக்கு நீ காவலிருந்தியா? ஒரு வார்த்த சொல்லலியே!" என்றார்.

மைக் திறந்தே இருந்திருக்கிறது. குறட்டை விட்டுக்கொண்டே மனிதர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

டாக்டரம்மா ஆபரேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியின் நுனியிலிருந்து பின்னுக்குச் சாய்ந்து முதல்முறையாக முழுதாக உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் பொய் சொல்லல" என்றார். "உடம்பு தூங்குது, குறட்டையும் விடுது. ஆனா உள்ள ஒருத்தர் தூங்காம எதையோ கேட்டுட்டே இருக்கார். அவர் எந்த மூலையில உக்காந்திருக்கார்னுதான் நான் தேடுதேன். இந்தப் படத்துல அவர் தெரிய மாட்டார். தெரியலங்கதால இல்லைன்னு ஆகிராது." பிறகு ருக்குமணியிடம், "அடுத்த தடவ உங்களையும் படுக்க வைக்கணும்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஓரத்துக்குத் தள்ளப்பட்டேன். எக்ஸ்சேஞ்ச் வேலையும் அன்றோடு போயிற்று. அதற்காக நான் வருந்தவில்லை. சூடான சோறு கிடைத்தது.

அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், புளுகுவதில் எனக்குள்ள தேர்ச்சியும் நீங்கள் அறிந்ததுதான். ஆனால் வரவில்லை. அடுத்த தடவை இருவருமாகப் போய்ப் படுத்தார்கள். படத்தில் பழுதொன்றும் தெரியவில்லை. நடையும் விரல் தாளமும் அப்படியே இருந்தன. சண்டை மட்டும் போயிற்று. "முழிச்சிருக்கியா புள்ள?" என்பாராம். "ம்" என்பாளாம். அந்த "ம்" வந்தபின் சில நாள் இருவரும் கண்ணயர்ந்ததும் உண்டாம். தம் மூளையின் படத்தை ஷெட்டு ஆபீசில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார். நூல் விற்க வருகிறவர், துணி வாங்க வருகிறவர், வழி கேட்டு வருகிறவர் எல்லோரும் அதைத் தரிசித்தாக வேண்டும். "இதுல எங்கியோ ஒருத்தன் லைட்டப் போட்டுட்டு உக்காந்திருக்கானுங்க. டாக்டரம்மா புடிச்சுருவாங்க" என்பார். புது மெஷின் வந்தால் முதல் ஆள் நான்தான் என்று டாக்டரம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். அது வரவில்லை. அதற்குள் இந்தத் தொலைபேசி.

நான் போனபோது ருக்குமணி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்து, "நாந் தூங்கிட்டனுங்ணா" என்றாள். "நேத்து நல்லாத் தூங்கிட்டேன். அந்தச் சத்தம் நின்னது எனக்குத் தெரியவே இல்ல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருந்த கலக்கத்தில் அவற்றை யாரும் நினைக்கவில்லை. முதலாளி தவறினால் மெஷினை நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். கருப்பண்ணன் நினைவு வந்தவராக எழுந்துபோய் நிறுத்தச் சொன்னார். ஒவ்வொன்றாக ஓசை அடங்கியது. கடைசி மெஷினும் நின்றது.

கூடியிருந்த அத்தனை பேரும், ஷெட்டிலிருந்து வந்து நின்ற பீகார்த் தொழிலாளர்கள் உட்பட, சொல்லி வைத்தது போல வெள்ளியங்கிரியைத் திரும்பிப் பார்த்தோம்.

அவர் எழுந்திருக்கவில்லை.

முதலில் பேசியது ருக்குமணிதான். "மாமா, மெஷின ஓட்டச் சொல்லுங்க."

"எழவூட்டுல மெஷின் ஓடுனா ஊரு என்ன பேசும் அம்மிணி?" என்றார் கருப்பண்ணன்.

"பேசட்டுங்க. சத்தமில்லாம அவரு எப்பிடிப் படுத்திருப்பாரு? ஓட்டச் சொல்லுங்க."

கருப்பண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே ஷெட்டுக்குப் போனார். ஒன்று ஓடியது. அடுத்தது ஓடியது. சுவர் அதிரத் தொடங்கியது, தரை அதிரத் தொடங்கியது. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்திருந்த ஊசிகள் சின்னதாகக் கிணுகிணுத்தன. அந்த ஓசையோடுதான் அவரைத் தூக்கினோம். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அது கூடவே வந்தது.

மாப்ள, எல்லா மெஷினும் ஓடுதுங்க. நூல் எதுவும் அறுகல. நாங்க பாத்துக்கறோம்.